பத்து வார்த்தையும் ஒரு கேள்வியும்

என் ஓரகத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: அவள் வாயிலிருந்து ஒரு சங்கதியை உள்ளது உள்ளபடி வாங்குவதற்குள் நமக்குப் பாதி உயிர் போய்விடும். பொய் சொல்கிறவள் இல்லை. ஆனால் யார் எதைச் சொன்னாலும் அதைக் கழுவி, துடைத்து, கூர் மழுக்கித்தான் அடுத்தவரிடம் கொடுப்பாள். மாமியார் அடுப்படியில் நின்றுகொண்டு, "படிச்சு என்ன பிரயோஜனம், குடிச்ச டம்ளரைக் கழுவி வைக்கத் தெரியல உன் டாக்டரக்காவுக்கு" என்று கத்துவார். இவள் என்னிடம் வந்து, "அக்கா, அத்தை உங்களைச் சாப்பிடக் கூப்பிடுறாங்க" என்பாள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் அப்படித்தான் சொல்வாள்.

வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். எனக்கு ஊசி. அவள் வீட்டுக்காரன், அதாவது என் கொழுந்தன், லிஃப்டு. வீட்டுச் சாமான் விற்கும் கடையில் அவனுக்கு வேலை. லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு ஃப்ரிட்ஜையும் பீரோவையும் முதுகில் பட்டை போட்டுக் கட்டித் தனியாளாகத் தூக்கிக்கொண்டு போவான். மூன்றாவது மாடியில் இறக்கி வைத்துவிட்டு, மூச்சு வாங்காமல், "கதவு எந்தப் பக்கம் திறக்கணும்மா?" என்று கேட்பான். அப்படி வந்த பெயர்.

ரேடியோ ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேஜையில் இருந்தாள். வெளிநாட்டு மொழியை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அறையில் வெந்நீர் வரவில்லை, ஏசி சத்தம் போடுகிறது என்று சண்டைக்கு வருகிறவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டாள். அந்த மொழியில் அவள் முதலில் படித்த வாக்கியம் "மன்னிக்கவும், உடனே சரிசெய்கிறோம்" என்பதுதான். அவள் பேச்சு மொத்தமும் அந்த வாக்கியத்தின் மேல் கட்டியதுதான் என்று நான் கிண்டல் செய்வேன். சிரிப்பாள். அவளுக்குக் கோபம் வராது. எனக்கோ கோபத்துக்குக் குறைவே கிடையாது, மூக்கு நுனியில் வைத்திருப்பேன்.

அந்த ஹோட்டலுக்குத்தான் ரக்பிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ரக்பி என்றால் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது, குறுக்கே வருகிறவனை இடித்துத் தள்ளுவது, மேலே பத்துப் பேர் விழுந்தாலும் பந்தை விடாமல் இருப்பது. அவர்கள் நாடுகளில் அது சம்பளத்துக்கு ஆடும் பெரிய போட்டி. அங்கே இருக்கிற கூட்டம் போதவில்லையாம், புது நாடுகளுக்குப் போவோம் என்று கிளம்பிவிட்டார்கள். எங்கள் ஊர்க் கால்பந்து மைதானத்தை வாடகைக்கு எடுத்து, கோல் கம்பத்தைப் பிடுங்கிவிட்டு எச் எழுத்து மாதிரி ஒன்றை நட்டார்கள். ஊர் முழுக்க விளம்பரத் தட்டி வைத்தார்கள். அணியில் முக்கால்வாசி வெளிநாட்டு ஆட்கள். ஆனால் உள்ளூர் முகம் ஒன்றாவது இல்லாவிட்டால் இங்கே எவன் டிக்கெட் வாங்குவான்?

அந்த நேரம் பார்த்து நம் லிஃப்டு ஹோட்டலுக்கு ஒரு பெரிய ஃப்ரிட்ஜ் கொண்டுவந்து மாடியேறியிருக்கிறான். பயிற்சியாளர் படிக்கட்டில் நின்று வாயைப் பிளந்து பார்த்தாராம். கீழே வந்து ரேடியோவிடம், "அந்த மாட்டுக்கு ஓடத் தெரியுமா என்று கேள்" என்றிருக்கிறார். இவள் தன் புருஷனிடம், "உங்களைப் பத்தி ரொம்ப உயர்வா பேசுறாரு" என்று சொன்னாள். ஒரே மாதத்தில் அவன் அணியில், அவள் அணியின் மொழிபெயர்ப்பாளர்.

நான் எப்படி உள்ளே போனேன் என்றால், தலையில் அடிபட்ட ஆட்டக்காரரைப் பரிசோதிப்பதற்கென்று அந்தப் போட்டிக்காரர்கள் ஒரு படிப்பு வைத்திருந்தார்கள். அதைப் படித்து முடித்த டாக்டர் இந்த ஊரில் நான் ஒருத்திதான். "ஆடுறவன் என் கொழுந்தன், நான் பாக்கிறது முறையில்லை" என்று சொல்லிப் பார்த்தேன். அடுத்த வருடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம், இப்போதைக்குச் சமாளியுங்கள் என்றார்கள். புது ஊருக்குக் கடை விரிக்க வந்தவர்களுக்கு எல்லாமே இப்போதைக்குத்தான்.

அந்தப் பரிசோதனையில் ஒரு பகுதி உண்டு. பத்து வார்த்தைகளை நான் வாசிப்பேன், அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொல்ல வேண்டும். மூளை குலுங்கியிருந்தால் ஞாபகம் வழுக்கும். அவர்கள் மொழியில் ஆறேழு பட்டியல்கள் மாற்றி மாற்றிக் கேட்க வைத்திருக்கிறார்கள். நம் மொழிக்கு ஒன்றே ஒன்றுதான் வந்தது. மற்றதை மொழிபெயர்த்து அனுப்புங்கள் என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். சீசன் தொடங்கும் முன், அடி எதுவும் படாத நிலையில், லிஃப்டை வைத்துக் கேட்டேன். பத்தில் ஆறு சொன்னான். பரவாயில்லை, அது அவன் அளவு.

அந்த வருடக் கடைசி ஆட்டம். எங்கள் வீட்டுக்கு அது வெறும் ஆட்டம் இல்லை. ஒரு பெரிய வெளிநாட்டு அணியின் ஆள் லிஃப்டைப் பார்க்கவென்றே வந்து மேடையில் உட்கார்ந்திருந்தார். முழு ஆட்டமும் நின்று ஆடிக் காட்டினால் இரண்டு வருட ஒப்பந்தம், குடும்பத்தோடு போகலாம். அவன் முதுகில் பட்டை அழுத்திய தழும்பை ரேடியோதான் தினமும் எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுகிறவள். "இனிமே அவரு எதையும் தூக்க வேணாம்கா" என்று காலையிலிருந்து என்னிடம் நாலு தடவை சொல்லிவிட்டாள். இன்னொரு பக்கம், அடுத்த வருடமும் இந்த நாட்டுக்கு வருவதா, கடையைக் கட்டுவதா என்று முடிவெடுக்கப் போட்டியின் தலைமை அதிகாரியே வந்திருந்தார். நொடிக்கொரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற மனுஷன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் இறந்து அப்போது வருடம் திரும்பியிருந்தது. மாரடைப்பு. காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்தார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. தம்பிதான் அண்ணனை முதுகில் போட்டுக்கொண்டு நாலு மாடி இறங்கினான். நான் பின்னாலேயே ஓடினேன். கீழே வண்டியில் கிடத்தும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, டாக்டர் இல்லையா. அவன் மட்டும், "அண்ணி, மூச்சு இருக்கு, கழுத்துல படுது, நான் உணர்ந்தேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அதற்குப் பிறகு வெகுநாள் அவனை அந்தப் பட்டப்பெயர் சொல்லி வீட்டில் யாரும் கூப்பிடவில்லை.

ஆட்டத்துக்கு வருகிறேன். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரம். பந்தோடு ஓடிய லிஃப்டை எதிர் அணிக்காரன் ஒருவன் பக்கவாட்டில் வந்து சாய்த்தான். விழுந்த இடத்தில் இன்னொருவனின் முழங்கால் இவன் காதுக்கு மேலே வந்து மோதியது. சத்தம் எனக்குக் கேட்டது. கூட்டம் "ஹோ"வென்று எழுந்தது. அவன் எழுந்தான், கையைத் தூக்கிக் காட்டினான், கூட்டம் கைதட்டியது. எழுந்தவன் ஒரு கணம் தவறான பக்கம் திரும்பி நின்றான். அவ்வளவுதான். கையசைத்து வெளியே கூப்பிட்டேன்.

பரிசோதனைக்குப் பன்னிரண்டு நிமிடம் உண்டு. அதற்குள் தேறினால் திரும்ப ஆடலாம், இல்லாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். மருத்துவ அறை என்று எங்களுக்குக் கொடுத்தது கால்பந்துக்காரர்களின் சாமான் அறை. மூலையில் காற்று போன பந்துகள், சுவரில் சாய்த்து வைத்த கொடிக் கம்புகள், ஒரு டியூப் லைட், ஒரு நீள பெஞ்சு. மேலே சின்ன ஜன்னல் வழியாகக் கூட்டத்தின் இரைச்சல் வந்து விழுந்துகொண்டிருந்தது. உள்ளே நாலு பேர்: பெஞ்சில் அவன், எதிரே நான், பக்கத்தில் ஈரத் துண்டோடு ரேடியோ, கதவை மறித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிற அதிகாரி. அந்த மனிதர் அங்கே இருக்கவே கூடாது. "வெளியே இருக்கச் சொல்லு" என்றேன். ரேடியோ அவரிடம் என்ன சொன்னாளோ, அவர் சிரித்துத் தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றார்.

"இது எந்த மைதானம்டா?"

சொன்னான்.

"கடைசியா பாயிண்ட் எடுத்தது யாரு?"

"நான்தான் அண்ணி. பாக்கலையா நீங்க?"

குதிகாலும் விரலும் ஒட்ட ஒரே கோட்டில் நடக்கச் சொன்னேன். படிக்கட்டில் பீரோவோடு ஏறி இறங்கின கால், கோட்டை விட்டு நகரவில்லை. பத்து வார்த்தைகளை வாசித்தேன். நான் வாயை மூடுமுன் ஆரம்பித்தான். "வாளி, மேகம், சாவி, முயல், ஜன்னல், கயிறு, பாலம், சர்க்கரை, கூரை, மணி." பத்துக்குப் பத்து, அதே வரிசையில். வேறு சோதனைகளை முடித்துவிட்டு மறுபடி கேட்டேன். மறுபடியும் பத்து.

என் பேனா நின்றது. நல்ல நாளிலேயே ஆறு சொன்னவன், தலையில் முழங்கால் வாங்கிய நாளில் பத்தா? அதிகாரி ஏதோ சொன்னார். ரேடியோ மாற்றிச் சொன்னாள்: "ரொம்ப நல்லா பண்ணினாராம்கா. முன்னைவிட நல்லாவே பண்ணினாராம். நேரம் ஆகுதேன்னு சொல்றாரு."

அவள் முகம் வெளிறியிருந்தது. அதை நான் ஆசைக்கும் பயத்துக்கும் நடுவில் தவிக்கிறாள் என்று நினைத்தேன். காகிதத்தில் எல்லாம் தேர்ச்சி. சந்தேகத்தைத் தவிர என் கையில் ஒன்றும் இல்லை. ஒப்பந்தம் கைக்கு எட்டும் தூரத்தில். இதைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மாமியார் முகத்தில் எப்படி முழிப்பது? 'அவ புருஷன்தான் போயிட்டான், இவன் நல்லாயிருந்தா பொறுக்கலையா' என்று யாராவது ஒருத்தர் சொல்லாமலா இருப்பார்கள்?

நான் எழுதக் குனிந்தபோது அவன் ரேடியோவின் பக்கம் சாய்ந்து மெதுவாக ஏதோ கேட்டான்.

"என்னடி சொல்றான்?"

"ஒண்ணுமில்லக்கா. தண்ணி கேக்குறாரு."

தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். அவன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். குடிக்கவில்லை. அதிகாரி கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். வெளியே கூட்டம் ஒரே குரலில் அவன் பட்டப்பெயரைக் கூவ ஆரம்பித்தது. லிஃப்டு, லிஃப்டு, லிஃப்டு. அவன் அதைக் கேட்டுச் சிரித்தான். நான் கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தேன்.

"அக்கா, இருங்க."

நிமிர்ந்தேன். துண்டை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"அவரு தண்ணி கேக்கலக்கா."

"பின்ன?"

வாயைத் திறந்தாள், மூடினாள். இத்தனை வருடத்தில் அவள் வார்த்தை கிடைக்காமல் நின்று நான் பார்த்ததில்லை.

"அண்ணன் எங்க உக்காந்திருக்கான்னு கேக்குறாரு."

பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "ஏன், வரலையா?" என்றான். அவ்வளவு சாதாரணமாகக் கேட்டான்.

அவள் நிறுத்தவில்லை. ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முடியாது என்பதுபோலப் பேசினாள். "பத்து வார்த்தையும் சும்மாக்கா. அது மனப்பாடம். டெஸ்டுல இதைத்தான் கேப்பாங்க, புரியவெச்சிடுன்னு பயிற்சியாளர் அந்தத் தாளை என் கையில குடுத்தாரு. டெஸ்டுன்னா எனக்கு என்ன தெரியும்? பள்ளிக்கூடத்துல எப்படிப் படிச்சோம், அப்படியே சொல்லிக் குடுத்தேன். பஸ்ல கைதட்டிப் பாட்டு மாதிரி பாடவெச்சேன். நம்ம பசங்க மட்டும் இல்ல, டிரைவர்கூடச் சொல்லுவாரு. பாஸ் பண்ணவே கூடாத பரீட்சைன்னு ஒண்ணு இருக்கும்னு நான் நினைக்கலக்கா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தாளைக் கொடுத்த பயிற்சியாளர் மேல், ஒரே ஒரு பட்டியலை அனுப்பின புண்ணியவான்கள் மேல், பரீட்சை என்றாலே மனப்பாடம் என்று வளர்ந்த எங்கள் எல்லோர் மேலும். அவள் மேல் மட்டும் வரவில்லை. ஏன் என்று அப்போது யோசிக்க நேரம் இல்லை.

அதிகாரி, என்ன நடக்கிறது என்று அதட்டினார். நான் அவளைப் பார்த்தேன். "நான் சொல்றதை அப்படியே சொல்லு. மழுக்காதே. இவன் இன்னிக்கு ஆட மாட்டான். இனி எப்போ ஆடுவான்னு நான்தான் சொல்லணும்."

சொன்னாள். நான் சொன்னதோடு நிற்காமல், செத்துப்போன அண்ணனை அவன் கேட்டதையும், தான் சொல்லிக் கொடுத்த பாட்டையும் அவருக்குச் சொன்னாள். எனக்கு அந்த மொழி அரைகுறைதான், ஆனால் "நான்" என்ற சொல்லை அவள் விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு சொன்னது புரிந்தது. "மன்னிக்கவும்" என்ற அவளுடைய பிரசித்தமான வாக்கியம் எங்கேயும் வரவில்லை.

அவர் முகம் சிவந்து பொரிந்து தள்ளினார். அவள் ஒவ்வொரு வரியாக என் பக்கம் திரும்பிச் சொன்னாள், குரல் ஏறாமல் இறங்காமல். "சோதனையில தேறினவனை நிறுத்த உங்களுக்கு என்ன அதிகாரம்னு கேக்குறாரு. செத்துப்போன ஆளை ஒருத்தன் விசாரிச்சா அது துக்கம், மூளைக் கோளாறு இல்லன்னு சொல்றாரு. குடும்பச் சண்டையை மைதானத்துக்குக் கொண்டுவராதீங்கன்னு சொல்றாரு. இந்த நாட்டுக்கு வந்ததே தப்புன்னு சொல்றாரு. என்னை முட்டாள்னு சொல்றாரு." அவளைத் திட்டியதையும் விடாமல் சொன்னாள்.

"டாக்டர் நான். இந்த அறையில என் பேச்சுதான் கடைசி. கதவை விட்டு நகரச் சொல்லு" என்றேன். சொன்னாள். நகர்ந்தார்.

லிஃப்டுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. எழுந்து நின்றான். அவ்வளவு பெரிய உடம்பு அந்தச் சின்ன அறையில் எழுந்து நின்றால் எப்படி இருக்கும்! "வழி விடு" என்று பெண்டாட்டியைப் பார்த்துக் கத்தினான். அவள் அவன் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளி, "உக்காருங்க" என்றாள். ஃப்ரிட்ஜ் தூக்குகிறவனுக்கு அவள் எம்மாத்திரம்? ஆனாலும் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் வாந்தி எடுத்தான்.

ஆட்டத்தில் தோற்றோம். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தோம், படத்தில் ஒன்றும் இல்லை. படத்தில் தெரியாமலும் மூளை அடிவாங்கும், அது குணமாகுமுன் இன்னொரு இடி வாங்கினால் ஆள் மிஞ்ச மாட்டான் என்று நான் யாருக்கென்று சொல்வது? "ஒண்ணுமே இல்லையாமே, அப்புறம் ஏன் நிறுத்தினாங்க?" என்று ஊரே கேட்டது. வெளிநாட்டு அணியின் ஆள் வேறொரு பையனைப் பார்க்க விமானம் ஏறிவிட்டார். அடுத்த வருடம் வருவதைப் பற்றிப் போட்டிக்காரர்கள் யோசித்துச் சொல்வார்களாம்.

அவனுக்கு அந்த நாளே ஞாபகத்தில் இல்லை. இருட்டறையில் படுக்க வைத்திருந்தோம். மெல்ல மெல்ல விஷயம் காதில் விழுந்து, ஒருநாள் சாயங்காலம் நான் அவன் அறைக்குப் போனபோது கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். ரேடியோ கால்மாட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் இரண்டு நாளாகப் பேச்சுச் சத்தமே இல்லை என்று மாமியார் வாசலிலேயே சொல்லியிருந்தார்.

"அண்ணி, நான் பத்துக்குப் பத்து சொன்னேனாமே. அப்புறம் யாரு கெடுத்தது?"

நான் முந்திக்கொண்டேன். "நான்தான்டா நிறுத்தினேன். சந்தேகமா இருந்துச்சு." அவள் எனக்காக எத்தனை தடவை பேச்சை மழுக்கியிருக்கிறாள். ஒரு தடவையாவது அவளுக்காக நான் செய்யக் கூடாதா?

"வேணாம்கா," என்றாள் அவள், கையிலிருந்த துணியை வைத்துவிட்டு. "மாத்திச் சொல்லாதீங்க." அவன் பக்கம் திரும்பினாள். "நான்தான் சொன்னேன். மனப்பாடம்னு நான்தான் காட்டிக் குடுத்தேன்."

அவன் முகம் இறுகியது. "ஏன்டி? என் பொழப்பையே கெடுத்துட்டியே. நான் அப்படி என்னதான் பண்ணினேன்?"

"ஒரு கேள்வி கேட்டீங்க."

"என்ன கேள்வி?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"அண்ணன் எங்க உக்காந்திருக்கான்னு கேட்டீங்க."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பெரிய கைகள் போர்வையின் மேல் தேடுவதுபோல அலைந்தன.

"நானா? நானா கேட்டேன்? அண்ணி, நான்தானே அண்ணனைத் தூக்கிட்டு இறங்கினேன்?"

"ஆமாடா. நீதான் தூக்கிட்டு இறங்கின."

அவன் கையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தடவினான். அழ ஆரம்பித்தான். ரேடியோ மடித்த துணிகளை ஒதுக்கிவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.